கால் மில்லிமீட்டர் டாக்டர்

விஞ்ஞானி வாழ்க்கை எழுதுவது இந்தத் தடவை என் முறை. எடிசன், நியூட்டன் எல்லாம் ஏற்கனவே இந்தச் சுவரில் வந்துவிட்டார்கள். அதனால் நான் ஒரு எலும்பு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் காவ்ரீல் இலிசாரோவ். இந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது எங்க பெரியப்பா வீட்டில்தான்.

பெரியப்பா மகன், என் அண்ணன், நல்ல கபடி ஆட்டக்காரர். பைக்கில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. மாதக்கணக்கில் மாவுக்கட்டு போட்டும் ஒட்டவில்லை. ஒரு கால் 4 சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. அப்புறம்தான் காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டினார்கள். அதில் உள்ள நட்டுகளை ஒரு நாளைக்கு நாலு வேளை, ஒவ்வொரு தடவையும் கால் சுற்று திருப்பணும். பெரியம்மாவுக்குக் கை நடுங்கும், அதனால் ஸ்பேனர் என் கைக்கு வந்தது. (பள்ளிக்கூட நேரத்துத் திருப்பு மட்டும் பெரியப்பா.) அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். இதை எவன்டா கண்டுபிடிச்சான் என்று கோபத்தில்தான் நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

இலிசாரோவ் 1921-ல் போலந்தில் பிறந்தார். வளர்ந்தது அஜர்பைஜானில். ஆறு பிள்ளைகளில் மூத்தவர், ஏழைக் குடும்பம். போர்க்காலத்தில் மருத்துவம் படித்து 1944-ல் டாக்டரானார். உடனே சைபீரியாவில் குர்கான் பகுதியில் ஒரு கிராமத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிரசவமா, காய்ச்சலா, எலும்பு முறிவா, எல்லாவற்றுக்கும் அவர் ஒருத்தர்தான். போரில் அடிபட்ட எத்தனையோ பேர் கால் ஒட்டாமல் கிடந்த காலம் அது. மாவுக்கட்டு போட்டால் மாதக்கணக்கில் படுக்கைதான்.

1950-களின் தொடக்கத்தில் அவர் ஒரு கருவி செய்தார். சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்போக்ஸ் மாதிரி மெல்லிய கம்பிகளை எலும்புக்குள் குறுக்கே செலுத்தி, விறைப்பாக இழுத்து வளையத்தில் கட்டிவிட்டார். வளையங்களைக் கம்பி, நட்டு போட்டு இணைத்தார். எலும்பு ஆடாது, ஆனால் நோயாளி எழுந்து நடக்கலாம். நடந்தால்தான் எலும்பு நல்லா வளரும் என்பது அவர் கட்சி.

முதலில் உடைந்த இரண்டு முனைகளை நெருக்கி வைக்கத்தான் நட்டு. ஒரு நோயாளி தவறுதலாக எதிர்ப்பக்கம் திருப்ப, நடுவில் விழுந்த இடைவெளியில் புது எலும்பு தெரிந்தது என்று சொல்வார்கள். இலிசாரோவ் அதை விடவில்லை. நாய்களிடம் பல வருஷம் சோதித்துப் பார்த்தார். வேகமாக இழுத்தால் எலும்பு உருவாகாது, ரொம்ப மெதுவாக இழுத்தால் சீக்கிரமே ஒட்டி இறுகிவிடும். ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர், அதையும் நாலாகப் பிரித்து கால் கால் மில்லிமீட்டராக இழுத்தால் எலும்பு, சதை, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் சேர்ந்தே வளரும் என்று கண்டுபிடித்தார். அந்தக் கால் மில்லிமீட்டர்தான் நான் திருப்பிய கால் சுற்று! (தமிழில் காலுக்கும் கால்தான் பெயர் என்பது தனி வேடிக்கை.)

மாஸ்கோவின் பெரிய டாக்டர்கள் பல வருஷம் அவரை மதிக்கவில்லை. இது வைத்தியமா, ஃபிட்டர் வேலையா என்று கேலி. அதை மாற்றியது ஒரு விளையாட்டு வீரரின் கால்.

வலேரி ப்ரூமல் என்ற சோவியத் வீரர் 1963-ல் 2.28 மீட்டர் உயரம் தாண்டி உலக சாதனை செய்தவர், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். 1965-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் கால் நொறுங்கியது. ஆபரேஷன் மேல் ஆபரேஷன் செய்தும் சரியாகாமல் 1968-ல் குர்கானுக்கு வந்தார். இலிசாரோவ் வளையம் மாட்டினார். ப்ரூமல் நடந்தார், திரும்பவும் குதித்தார். அதன்பின் நாடெங்கும் பேச்சு. 1971-ல் குர்கானில் தனி ஆராய்ச்சி நிலையமே வந்தது.

வெளிநாட்டுக்குத் தெரிய இன்னும் பத்து வருஷம் ஆச்சு. 1980-ல் இத்தாலி மலையேற்ற வீரர் கார்லோ மௌரி பல வருஷமாக ஆறாத காலோடு வந்து குணமாகிப் போனார். அதைப் பார்த்து அசந்த இத்தாலி டாக்டர்கள் 1981-ல் இலிசாரோவை அழைத்துப் பேச வைத்தார்கள். கேலி பார்த்தவருக்கு அப்போது அறுபது வயது. 1992-ல் குர்கானிலேயே இறந்தார்.

எங்க வீட்டில் நட்டு திருப்பும் வேலை 40 நாளில் முடிந்தது. ஆனால் புது எலும்பு இறுக இன்னும் மாதங்கள் ஆகுமாம், வளையம் இன்னும் காலில்தான் இருக்கிறது. கடைசி எக்ஸ்ரேயில் இடைவெளியில் பஞ்சு மாதிரி வெள்ளை தெரிந்தது. கபடி ஆட முடியுமா என்று டாக்டர் எதுவும் சொல்லவில்லை. ப்ரூமல் கதையை அண்ணனிடம் சொன்னேன். திரும்ப எவ்வளவு தாண்டினார் என்றுதான் முதலில் கேட்டார். இரண்டு மீட்டருக்கு மேல் என்றேன். பழைய 2.28 வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். இரண்டு மீட்டர் போதும்டா என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

- 10-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு