கைடு மறுத்தார், ஸ்பான்சர் மறைந்தார்: உமறுப்புலவர் ‘சீறாப்புராணம்’ எழுதிய கதை

பிஎச்.டி. சேர்ந்தாச்சு. தலைப்பும் முடிவாச்சு. செலவுக்கு ஆள் இருக்கு. ஆனால், அந்தத் துறையில் பெரிய பெயரான பேராசிரியர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறார். இன்றைய ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது கெட்ட கனவு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு உமறுப்புலவருக்கு இதுதான் நடந்தது என்கிறது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. திருப்பி அனுப்பியவர் காயல்பட்டினத்தில் பிறந்த மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பா.

உமறு பிறந்தது 1642 என்று கொள்ளப்படுகிறது. வளர்ந்தது எட்டயபுரம். அப்பா வாசனைப் பொருள் வியாபாரி. பையனுக்கு வியாபாரத்தைவிடத் தமிழில்தான் நாட்டம். எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் மாணவராகச் சேர்ந்தார். இஸ்லாமியப் பையன், இந்து ஆசிரியர். அந்த ஊரில் அப்போது யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வாலை வாருதி என்ற வெளியூர்ப் புலவர் வாதுக்கு வந்தபோது, ஆசிரியருக்குப் பதிலாக 16 வயது உமறு போய் ஜெயித்துவிட்டு வந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பிறகு அதே அரண்மனையில் அவரும் புலவரானார்.

தமிழ்ப் படிப்பில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில்தான் வந்தது.

கீழக்கரையில் பெரும் வணிகர் ஒருவர் இருந்தார். செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்றால் பலருக்குத் தெரியாது. சீதக்காதி என்றால் தெரியும். இறந்த பிறகும் கொடுத்தவர் என்று பழமொழியில் நிலைத்துவிட்ட வள்ளல். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழில் ஒரு காப்பியமாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அவர் தேர்ந்தெடுத்தவர் உமறு. இன்றைய கணக்கில் சொன்னால் ப்ராஜெக்ட்டும் ஃபண்டிங்கும் ஒரே கையில் வந்து சேர்ந்தன.

ஆனால் மூலநூல்கள் அரபியில் இருந்தன. நபியின் பிறப்பு, ஹிரா மலை, மதீனா பயணம், போர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நம்பகமான செய்தி வேண்டும். கற்பனைக்கு அங்கே இடம் குறைவு. ஒரு தகவல் பிசகினாலும் அது மார்க்கத்தைப் பற்றிய தவறாகிவிடும். அரண்மனைத் தமிழ் அதற்கு உதவாது. மூலங்களை எடுத்துச் சொல்ல ஒரு ஆலிம் தேவை.

அப்போது கீழக்கரையில் இருந்தவர் சதக்கத்துல்லா அப்பா. 1632-ல் காயல்பட்டினத்தில் பிறந்தவர். முத்துக் குளிப்புக்கும் அரபு நாட்டு வணிகத்துக்கும் பெயர்பெற்ற காயல் துறைமுகம், மார்க்கோ போலோவின் பயணக் குறிப்புகளிலேயே இடம்பெற்றது. கப்பல்களோடு குதிரை மட்டும் வரவில்லை, அரபுக் கல்வியும் வந்தது. தந்தை சுலைமான் வலியும் அந்த மரபில் வந்தவர்தான். அப்பா அரபியிலேயே கவிதை எழுதக்கூடியவர். உமறுவை அவரிடம் அனுப்பினார் சீதக்காதி.

உமறு போனார், அரண்மனைப் புலவருக்கு உரிய அலங்காரத்தோடு. அப்பா பார்த்தார். நபியின் வரலாற்றைக் கேட்க வந்தவரின் கோலம் அவருக்குச் சரியாகப் படவில்லை. சொல்லித்தர மறுத்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. உமறுவின் தமிழில் அப்பா குறை சொன்னதாக இந்தக் கதையில் எங்கும் இல்லை. தோற்றமும் பழக்கமும்தான் பிரச்சினை. ஆங்கிலம் சரளமாக வராததால், கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்ததால் முதல் சந்திப்பிலேயே ஓரங்கட்டப்படும் மாணவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. அவர்களுக்கு இன்று ஒரு வழியாவது இருக்கிறது. யுஜிசியின் 2023 விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். உமறுவுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது.

அவர் மனமுடைந்து போனார். பள்ளிவாசலில் அமர்ந்து, நபிகள் நாயகத்தை நினைந்து ‘முதுமொழி மாலை’ பாடினார். அன்றிரவு புலவர், அப்பா இருவரின் கனவிலும் நபிகள் நாயகம் தோன்றியதாகவும், மறுநாள் அப்பாவே மனம் மாறியதாகவும் நம்பப்படுகிறது.

அடுத்து அப்பா செய்ததுதான் உண்மையான உதவி. பரங்கிப்பேட்டையில் இருந்த லெப்பை அலி ஹாஜியாரிடம் போகச் சொல்லி உமறுவுக்கு வழிகாட்டினார். சும்மா கையைக் கழுவிவிட்டு, எங்காவது போய்ப் படித்துக்கொள் என்று விடவில்லை. யாரிடம், எந்த ஊரில், எதற்காக என்று குறிப்பாகச் சொல்லி அனுப்பினார். ‘கைடு சேஞ்ச்’ என்றாலே ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் போகும் துறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பரங்கிப்பேட்டை சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள கடலோர ஊர். அதுவும் மரைக்காயர்களின் துறைமுகம். அங்கே ஹாஜியாரிடம் பாடம் கேட்டு, பாட்டு கட்டும் வேலையைத் தொடங்கினார் உமறு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடி விழுந்தது. சீதக்காதி காலமானார். ஃபண்டிங் நின்றது.

இந்த முறை கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டையின் வணிகர் அபுல் காசிம் மரைக்காயர். தொடர்ந்து எழுத ஆதரவு தந்தார். அரங்கேற்றமும் அவர் துணையோடு நடந்தது. நன்றிக்கடனாக அவர் பெயரை நூலுக்குள்ளேயே பல இடங்களில் வைத்துப் பாடினார் புலவர்.

சீறாப்புராணம் மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5,027 பாடல்கள். ‘சீறா’ என்பது வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் ‘சீறத்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. செய்தி எல்லாம் அரபு மரபிலிருந்து வந்தவை. பாட்டு முழுக்கத் தமிழ்க் காப்பிய மரபு. நாட்டுப் படலத்தைத் திறந்தால் பாலைவன தேசத்தில் மழை பெய்கிறது, வெள்ளம் ஓடுகிறது, வயலில் நாற்று நடுகிறார்கள். மக்காவைத் தாமிரபரணிக் கரை மாதிரி ஆக்கிவிட்டாரே என்று சிரிக்கத் தோன்றலாம். அது தமிழ்க் காப்பியத்தின் இலக்கணம். கடிகைமுத்துப் புலவரிடம் படித்த படிப்பு. எந்த அரண்மனைக் கோலத்தைப் பார்த்து அப்பா முகம் சுளித்தாரோ, அந்த அரண்மனையில் கற்ற தமிழ் இல்லாவிட்டால் இந்த நூல் இல்லை. ஹாஜியார் சொன்ன செய்தி இல்லாவிட்டாலும் இல்லை.

ஆனாலும் உமறு அதை முடிக்கவில்லை. ஹிஜ்ரத்துக் காண்டம் ‘உறனிக் கூட்டத்தார் படலத்தோடு’ நின்றுவிடுகிறது. நபியின் கடைசி ஆண்டுகள் பாடப்படவே இல்லை. உமறு 1703-ல் மறைந்தார்; எட்டயபுரத்தில் அடக்கமானார். சதக்கத்துல்லா அப்பாவின் மறைவும் அதே ஆண்டுதான் என்று சொல்லப்படுகிறது.

விட்ட இடத்திலிருந்து மீதி வரலாற்றைப் பாடி முடித்தவர் பனீ அகுமது மரைக்காயர். அந்த நூலுக்கு ‘சின்ன சீறா’ என்று பெயர். அவர் ஊர், அப்பா பிறந்த அதே காயல்பட்டினம். அதற்கும் பிறகு நெடுங்காலம் சீறாப்புராணம் ஓலைச்சுவடியில்தான் இருந்தது. அதை 1842-ல் அச்சுக்குக் கொண்டுவந்தார் புலவர் நாயகம் என்று அழைக்கப்பட்ட செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். அவரும் காயல்பட்டினத்துக்காரர்தான்.