ஃப்ளைட் டீயோட கலரைக்கூட விட்டுவைக்காத மனுஷர்... ஜே.ஆர்.டி.டாடாவின் வானத்து வாழ்க்கை!

ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போகும்போது அந்த வீடியோ உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். 14 மணி நேர ஃப்ளைட். ஒருத்தர் பட்டனை அழுத்துறார், சீட்டு மெதுவா சாய்ஞ்சு அப்படியே கட்டிலா மாறுது. பீங்கான் தட்டுல சாப்பாடு, பஞ்சு மாதிரி போர்வை, கால் நீட்ட தாராளமா இடம். பார்த்துட்டு ஒரு பெருமூச்சு விட்டுட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போயிருப்பீங்க.

'பிசினஸ் கிளாஸ்'ங்கிற பேரு விமானத்துக்குள்ள ஏறினதே 1970களோட கடைசியிலதான். அதுவரைக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸ், எகானமினு ரெண்டே பிரிவுதான். சீட்டு முழுசா படுக்கையா விரியுற வசதி பிசினஸ் கிளாஸுக்கு வந்தது 2000-ல. பிரிட்டிஷ் ஏர்வேஸ்தான் அதை ஆரம்பிச்சு வெச்சது. ஆனா அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, ஒரு இந்தியர் விமானத்துல உட்கார்ந்துகிட்டு, எந்த சீட்டு எவ்வளவு சாயுது, எது சாய மாட்டேங்குதுனு நோட்டு போட்டுக்கிட்டு இருந்தார். அந்த ஏர்லைன்ஸுக்கே அவர்தான் சேர்மன். ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. சுருக்கமா, ஜே.ஆர்.டி.

டாடான்னதும் உங்களுக்கு உப்பும் காரும் ஞாபகம் வரும். இல்லைன்னா ரத்தன் டாடாவோட நாய்க்குட்டி போட்டோக்கள். ஜே.ஆர்.டி அதுக்கு முந்தின தலைமுறை. 1904 ஜூலை 29-ல பாரிஸ்ல பிறந்தார். அம்மா சூசான் பிரெஞ்சுக்காரர். அப்பா ஆர்.டி.டாடா, ஜாம்ஷெட்ஜி டாடாவோட உறவினர். அதனால ஜே.ஆர்.டிக்கு முதல்ல வாய்ல வந்த மொழியே பிரெஞ்சுதான். லீவுக்கு அந்தக் குடும்பம் ஹார்டெலோங்கிற பிரெஞ்சு கடற்கரை ஊருக்குப் போகும். அங்கே பக்கத்துல வீடு வெச்சிருந்தவர் லூயி பிளேரியோ. 1909-ல இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலா விமானத்துல தாண்டின அதே பிளேரியோதான்! பக்கத்து வீட்டுக்காரர் இப்படி இருந்தா, பையனுக்கு வேற என்ன கனவு வரும்? 15 வயசுல ஒரு குட்டி விமானத்துல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தார். பைலட் ஆகணும்னு அன்னைக்கு முடிவு பண்ணிட்டார்.

அந்த ஆசை நிறைவேற இன்னும் சில வருஷம் ஆச்சு. 1929 பிப்ரவரி 10-ல அவர் கைக்கு வந்த பைலட் லைசென்ஸ்ல போட்டிருந்த நம்பர் 1. இந்தியாவுல கொடுக்கப்பட்ட முதல் லைசென்ஸ் அது.

அடுத்த வருஷம் ஒரு போட்டி. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவுல தனியா விமானம் ஓட்டிப்போற முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவிச்சிருந்தார். ஜே.ஆர்.டி கராச்சியில இருந்து கிளம்பினார். எதிர்ப்பக்கம் இங்கிலாந்துல இருந்து ஆஸ்பி இன்ஜினீயர்னு ஒரு டீன் ஏஜ் பையன் வந்துகிட்டிருந்தான். எகிப்துல அபுகிர்ங்கிற இடத்துல ஜே.ஆர்.டி இறங்கினப்போ, ஆஸ்பி அங்கே ஸ்பார்க் பிளக் கிடைக்காம மாட்டிக்கிட்டு நின்னான். போட்டியில இருக்கிற எதிராளி. கண்டுக்காம கிளம்பியிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஜே.ஆர்.டி தன்கிட்ட இருந்த ஸ்பேர் பிளக்கைக் கொடுத்துட்டுப் போனார். ஜெயிச்சது ஆஸ்பிதான், அதுவும் சில மணி நேர வித்தியாசத்துல! அந்தப் பையன் பின்னாடி இந்திய விமானப்படைத் தலைமைத் தளபதியாவே ஆனார்.

பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில!

1932 அக்டோபர் 15. இந்தியாவோட முதல் சொந்த விமான சர்வீஸ் அன்னைக்குத்தான் பறந்துச்சு. கராச்சியில ஏறினது பயணிகள் இல்லை, லண்டன்ல இருந்து வந்த தபால் மூட்டை. 25 கிலோ இருக்கும். பஸ் மாத்ங்கிற ஒத்தை இன்ஜின் குட்டி விமானம். ஓட்டினது ஜே.ஆர்.டியே. அகமதாபாத்ல இறங்கி எரிபொருள் போட்டாங்க. அந்த டின்கள் வந்து சேர்ந்தது மாட்டு வண்டியில. அங்கிருந்து பம்பாய் ஜுஹு. அதுக்கப்புறம் தபாலை வாங்கிக்கிட்டு, நெவில் வின்ட்சென்ட்ங்கிற பைலட் பெல்லாரி வழியா நம்ம மெட்ராஸுக்கு ஓட்டிட்டு வந்தார். ஆமாங்க, நாட்டோட முதல் ஏர்லைன்ஸ் ரூட்டு முடிஞ்ச ஊர் சென்னைதான்.

ஜுஹு ஏர்போர்ட்னு பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. கடலோரமா ஒரு மண்தரை, அவ்வளவுதான். மழைக்காலம் வந்தா தண்ணிக்குள்ள போயிடும். அப்போ மொத்த கடையையும் புனேவுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ரேடியோ கிடையாது, ராத்திரி இறங்க விளக்கு கிடையாது, அரசாங்க மானியமும் கிடையாது. இருந்தும் தபால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. நேரம்ங்கிற விஷயத்துல ஜே.ஆர்.டிக்கு ஒரு வெறியே உண்டு.

1938-ல, 34 வயசுல, டாடா சன்ஸ் குழுமத்துக்கே தலைவர் ஆயிட்டார். இரும்பு, மின்சாரம், கெமிக்கல்னு ஆயிரம் தலைவலி. ஆனா மனசு மட்டும் விமானத்துலயேதான் இருந்துச்சு. 1946-ல டாடா ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா ஆச்சு. அதே வருஷம்தான் பாபி கூகாவும் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து பெரிய மீசை மகாராஜாவைக் கொண்டுவந்தாங்க. அடுத்து, வெளிநாட்டுக்குப் பறக்க ஒரு கம்பெனி வேணும்னு ஜே.ஆர்.டி அரசாங்கத்துக்கிட்ட ஒரு திட்டத்தை நீட்டினார். 49 சதவிகிதம் அரசுக்கு, 25 சதவிகிதம் டாடாவுக்கு, மிச்சம் மக்களுக்கு. பிரிவினைக் கலவரத்துல நாடே பத்தி எரிஞ்சுகிட்டு இருந்த நேரம் அது. அந்த நிலைமையிலயும் டெல்லி சீக்கிரமே தலையாட்டிடுச்சு.

1948 ஜூன் 8. 'மலபார் பிரின்சஸ்'ங்கிற லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம், 35 பயணிகளோட பம்பாய்ல இருந்து கிளம்பிச்சு. கெய்ரோ, ஜெனிவா, அப்புறம் லண்டன். போய்ச் சேர்ந்தது 10-ம் தேதி. நாலு பிஸ்டன் இன்ஜின் காதுக்குள்ள ஓயாம உறுமிக்கிட்டே வரும். ஜே.ஆர்.டியும் அதுலயேதான் போனார், கையில வாட்சைப் பார்த்துக்கிட்டே.

சேர்மன் எழுதுற நோட்டு

இப்போ அந்த நோட்டு விஷயத்துக்கு வருவோம். ஜே.ஆர்.டி பயணியா ஏறினாலே ஊழியர்களுக்கு வயித்துல புளி கரைக்கும். இறங்கினதும் ஒரு நீளமான குறிப்பு மேனேஜ்மென்ட் டேபிளுக்கு வந்துடும். ஜெனிவாவுல இருந்து கிளம்புற ஃப்ளைட்ல கொடுக்கிற டீக்கும் காபிக்கும் கலர்ல வித்தியாசமே தெரியலைனு ஒரு தடவை எழுதினார். சில சீட்டுங்க மட்டும் நல்லா சாயுது, எல்லா சீட்டையும் அதே அளவுக்கு சாயுற மாதிரி சரி பண்ணுங்கனு இன்னொரு விஷயம். கடைசி வரிசைக்கு மட்டும் விலக்கு, ஏன்னா பின்னாடி தடுப்புச் சுவர் இருக்கு. அதையும் அவரே எழுதிடுவார்! விளக்கு வெளிச்சம், திரைச்சீலை, பணிப்பெண்களோட உடை, கழிவறை சுத்தம்னு எதுவும் தப்பாது.

டீக்கெல்லாம் ஒரு சேர்மன் மெனக்கெடணுமானு தோணும். நீளமான ஃப்ளைட்ல போனவங்களைக் கேட்டுப் பாருங்க, புரியும். விமானம் எவ்வளவு உயரத்துல பறந்தாலும் உள்ளே காத்தோட அழுத்தத்தை 6,000 - 8,000 அடி உயரத்துல இருக்கிற மாதிரிதான் வெச்சிருப்பாங்க. அதாவது, நீங்க மணிக்கணக்கா ஊட்டியில உட்கார்ந்திருக்கிற மாதிரி. அந்த உயரத்துல தண்ணி 92 டிகிரிக்குப் பக்கத்துலயே கொதிச்சுடும், டீத்தூள் சரியா இறங்காது. காத்துல ஈரப்பதம் 20 சதவிகிதத்தைத் தொடுறதே கஷ்டம். மூக்கும் நாக்கும் காய்ஞ்சு போய் ருசி பாதிதான் தெரியும். கால் வீங்கும், முதுகு பிடிக்கும். இந்த நிலைமையில நல்ல டீயும் இன்னும் கொஞ்சம் சாயுற சீட்டும் பயணிக்கு எவ்வளவு பெரிய விஷயம்! விமானத்தை நிறைய விக்கிற நாடுகளோட பண பலத்துல மோத முடியாது, உபசரிப்புல மோதலாம்ங்கிற கணக்கும் அவருக்கு இருந்துச்சு.

ஆனா ஒண்ணு, அந்த சொகுசை அனுபவிச்சது யாருன்னும் பார்க்கணும். மகாராஜாக்களும் தொழிலதிபர்களும்தான். சாதாரண மனுஷன் ரயில்ல மூணாம் வகுப்புல தொங்கிக்கிட்டு இருந்த காலம் அது. 1953-ல நேரு அரசு எல்லா விமான கம்பெனிகளையும் தேசியமயமாக்குச்சு. ஜே.ஆர்.டி கடுமையா எதிர்த்தார், தோத்தார். கம்பெனி கையைவிட்டுப் போச்சு. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கோபத்துல கதவைச் சாத்திட்டு வந்திருப்பீங்க. அவரோ, அரசு கூப்பிட்டதும் ஏர் இந்தியா இன்டர்நேஷனலுக்கு சேர்மனா உட்கார்ந்தார். ஒரு பைசா சம்பளம் இல்லாம, 25 வருஷம்.

அந்த வருஷங்கள்தான் ஏர் இந்தியாவோட பொற்காலம். 1960-ல போயிங் 707 ஜெட் வந்துச்சு, அதே வருஷம் மே மாசம் நியூயார்க்குக்குப் பறந்தாங்க. 1967-ல ஓவியர் சால்வடார் டாலியைப் பிடிச்சு ஆஷ்ட்ரே டிசைன் பண்ண வெச்சாங்க. அவர் கூலியா கேட்டது ஒரு யானைக்குட்டி. கொடுத்தாங்க! 1971-ல ஜம்போ ஜெட் 747 வந்துச்சு. பேரு 'எம்பரர் அசோகா'. ஒவ்வொரு ஜன்னலைச் சுத்தியும் வெளிப்பக்கம் ராஜஸ்தான் மாளிகை ஜரோகா மாதிரி பெயின்ட். மாடியில ஃபர்ஸ்ட் கிளாஸ்காரங்களுக்கு தனி லவுஞ்ச்.

ஒரே மலை, ரெண்டு தடவை

இந்தப் பளபளப்புக்குப் பின்னாடி இன்னொரு கணக்கும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. லண்டனுக்கு முதன்முதலா போன அதே மலபார் பிரின்சஸ், 1950 நவம்பர் 3-ல ஆல்ப்ஸ் மலையில மோன்ட் பிளாங்க் சிகரத்துல மோதுச்சு. 48 பேரும் போயிட்டாங்க. 15 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல கழிச்சு, 1966 ஜனவரி 24-ல, 'காஞ்சன்ஜங்கா'ங்கிற 707 அதே மோன்ட் பிளாங்க்ல மோதுச்சு. 117 பேர். அதுல ஒருத்தர் விஞ்ஞானி ஹோமி பாபா. ஜே.ஆர்.டியோட நெருங்கின நண்பர். பாபா ஆரம்பிச்ச டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு தோள் கொடுத்தவரே ஜே.ஆர்.டிதான். தான் பெத்து வளர்த்த ஏர்லைன்ஸ்ல, ஜெனிவாவுல இறங்கறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி, தன் நண்பரே போயிட்டார். அந்தச் செய்தியை அவர் எப்படித் தாங்கினார்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்கப்புறமும் 12 வருஷம் அதே நாற்காலியில உட்கார்ந்திருந்தார்.

1978 புத்தாண்டு ராத்திரி, எம்பரர் அசோகா பம்பாய்ல இருந்து கிளம்பின கொஞ்ச நேரத்துல பாந்த்ரா கடல்ல விழுந்துச்சு. விமானத்தோட சாய்வைக் காட்டுற கருவி தப்பா காட்டினதுல பைலட் குழம்பிட்டார். 213 பேர் இறந்தாங்க.

சரியா ஒரு மாசம். பிப்ரவரியில மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டியை சேர்மன் பதவியில இருந்து தூக்குச்சு. அதை அரசாங்கம் அவர்கிட்ட நேரா சொல்லக்கூட இல்லை. அடுத்த சேர்மனா நியமிக்கப்பட்ட முன்னாள் விமானப்படைத் தளபதி பி.சி.லால்தான் வந்து சொன்னார். 46 வருஷ உழைப்புக்கு இப்படி ஒரு அனுப்பிவைப்பு. ஒரு வேலையை மெயில்ல பறிகொடுத்த ஐ.டி ஃபிரெண்டு உங்களுக்கு இருந்தா, அவருக்கு இந்தக் கதை நல்லாவே புரியும். எதிர்ப்பா பெரிய அதிகாரிகள் ராஜினாமா பண்ணாங்க. 1980-ல இந்திரா காந்தி மறுபடி இயக்குநர் குழுவுக்கு அழைச்சார். ஆனா சேர்மன் நாற்காலி திரும்பி வரலை.

அவர் வருத்தத்துல முடங்கிட்டாரானு கேட்டா, இல்லை. 1982 அக்டோபர் 15. முதல் தபால் ஃப்ளைட்டுக்கு 50 வருஷம். 78 வயசுல, லெப்பர்ட் மாத்ங்கிற பழைய ஒத்தை இன்ஜின் விமானத்துல ஏறி, கராச்சியில இருந்து பம்பாய்க்கு தனியா ஓட்டிட்டு வந்து இறங்கினார். சாயுற சீட்டும் இல்லை, டீ கொடுக்க ஆளும் இல்லை.

1992-ல பாரத ரத்னா. அடுத்த வருஷம் நவம்பர் 29-ல ஜெனிவாவுல காலமானார். டீ சரியில்லைனு அவர் கோபப்பட்ட அதே ஊர். அடக்கம் பண்ணது பிறந்த ஊரான பாரிஸ்ல, பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்துல. ஏர் இந்தியா மறுபடி டாடா கைக்கு வந்தது 2022 ஜனவரி 27-ல. அதைப் பார்க்க அவர் இல்லை.