6,000 குண்டுகள் சுட்டும் சிக்காத துப்பாக்கி!
பட்டறையில் வளர்ந்த மேதை பிரவுனிங்கின் கதை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் கீழ்பென்னாத்தூர் இருக்கிறது. மணிலா விளைகிற பூமி. அந்தப் பக்கத்து உழவர், களைக்கொத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்க மாட்டார். கல்லிலும் மண்ணிலும் பட்டு, நாள் கணக்கில் உழைத்த பிறகும் ஒடியாமல் இருந்தால்தான் அது நல்ல கொத்து.

அந்த உறுதி கொல்லர் கையில் இருக்கிறது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது பக்குவம் தப்பக் கூடாது. அதிகமாக இறுகினால் உடைந்து போகும். இறுகாவிட்டால் வளைந்து போகும்.

இந்தப் பக்குவத்தை விரல் அளவுள்ள இரும்புத் துண்டுகளில் கண்டு, உலகப் புகழ் பெற்றார் ஒருவர். அவர்தான் ஜான் மோசஸ் பிரவுனிங். பிரெஞ்சு மொழியில் கைத்துப்பாக்கிக்கே அவர் பெயர் வழங்கியது என்றால், அவர் புகழைச் சொல்லவும் வேண்டுமா!

தகப்பனார் பட்டறை

பிரவுனிங் 1855-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி அமெரிக்காவில் பிறந்தார். யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன் அவருடைய ஊர். தகப்பனார் ஜொனாதன், துப்பாக்கி செய்கிறவர், பழுது பார்க்கிறவர்.

சிறுவன் ஜான் பட்டறையிலேயே வளர்ந்தான். அங்கே குவிந்து கிடந்த உடைந்த துப்பாக்கிகளே அவனுக்குப் பாடப் புத்தகங்கள். எந்த உறுப்பு தேய்கிறது, எது ஒடிகிறது என்று கையால் தொட்டே தெரிந்துகொண்டான். சின்ன வயதிலேயே, கழித்துப் போட்ட இரும்பைக் கொண்டு ஒரு துப்பாக்கியும் செய்துவிட்டான்!

1879-ல் தகப்பனார் காலமானார். அதே ஆண்டில் பிரவுனிங் தம் முதல் காப்புரிமையைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 24. தம்பிமாரோடு சேர்ந்து அந்தத் துப்பாக்கியைச் செய்து விற்றார். 1883-ல் வின்செஸ்டர் கம்பெனி அதிகாரி ஆக்டனுக்கே தேடி வந்து, 8,000 டாலர் கொடுத்து அதன் உரிமையை வாங்கினார்.

புல் சொன்ன பாடம்

ஒருநாள் குறி பார்த்துச் சுடும் போட்டி நடந்தது. குண்டு வெளியேறிய வேகத்தில், குழலின் முன்னால் நின்ற புல் சாய்ந்து எழுந்தது. எல்லோரும் குறியைப் பார்த்தார்கள். பிரவுனிங் புல்லைப் பார்த்தார்!

ஒவ்வொரு முறை சுடும்போதும் இவ்வளவு சக்தி வீணாகிறதே, இதை வேலை வாங்கினால் என்ன என்று அவர் மனம் ஓடியது. புகையின் வேகத்தால் இயங்கும் இயந்திரத் துப்பாக்கி அப்படிப் பிறந்தது. பிறகு, சுடும்போது ஏற்படும் பின்னுதையைக் கொண்டு இயங்கும் கைத்துப்பாக்கிகளைச் செய்தார். பெல்ஜியம் நாட்டில் ஹெர்ஸ்டால் தொழிற்சாலை அவற்றைத் தயாரித்தது. 1912-க்குள் 10 லட்சம் துப்பாக்கிகள் அங்கே உருவாகிவிட்டன.

ஒரு கொக்கி ஒடிந்தால்...

இந்தத் துப்பாக்கியில் ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு குண்டு பாயும். பின்னுதையில் மேல்மூடி பின்னால் ஓடும். ஒரு சிறு கொக்கி காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும். காலித் தோட்டா வெளியே விழும். ஸ்பிரிங் மேல்மூடியை முன்னால் தள்ளும். அடுத்த தோட்டா உள்ளே போகும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

ஒவ்வொரு குண்டுக்கும் உள்ளே இருக்கும் உறுப்புகள் சம்மட்டி அடி வாங்குகின்றன. கொக்கி ஒடிந்தால் காலித் தோட்டா உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் மூடி பாதியில் நிற்கும். போர்க்களத்தில் அந்த ஒரு நொடி போதும், வைத்திருப்பவன் உயிர் போய்விடும்!

அமெரிக்க ராணுவம் புதிய கைத்துப்பாக்கி தேடியபோது இதைத்தான் சோதித்தது. ஆண்டுக்கணக்கில் சோதனைகள் நடந்தன. ஒவ்வொரு சோதனையிலும் தெரிந்த குறையைப் பிரவுனிங் திருத்தினார். கோல்ட் கம்பெனியின் தொழிற்சாலைக்கே போய், உறுப்புகள் உருவாவதை நேரில் கவனித்தார்.

1911 மார்ச்சில் கடைசிச் சோதனை. ஒரே துப்பாக்கியால் 6,000 குண்டுகள் சுட்டார்கள். 100 குண்டுக்கு ஒரு முறை ஆற வைத்தார்கள். 1,000 குண்டுக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் போட்டார்கள். போட்டிக்கு வந்த சாவேஜ் துப்பாக்கி 37 முறை தகராறு செய்தது. பிரவுனிங்கின் துப்பாக்கி ஒரு முறைகூடச் சிக்கவில்லை! மார்ச் 29-ந் தேதி ராணுவம் அதை ஏற்றது. 1985 வரை அதுவே அமெரிக்கப் படையின் கைத்துப்பாக்கியாக இருந்தது.

மணியாச்சியில்...

அதே 1911-ம் ஆண்டு, ஜூன் 17-ந் தேதி. மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் வாஞ்சிநாதன். பிறகு அவர் தம்மையும் சுட்டுக்கொண்டு உயிர் துறந்தார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் அவர் சுடும் பயிற்சி பெற்றிருந்தார்.

மூன்று ஆண்டு கழித்து, 1914-ல், சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சாய்த்ததும் பெல்ஜியத்துப் பிரவுனிங்தான். அதைத் தொடர்ந்து முதல் உலகப் போர் மூண்டது. ஆக்டன் பட்டறையில் பிறந்த வித்தை, யார் யார் கைக்கோ போய்ச் சேர்ந்தது. தன்னைப் பிடித்திருக்கும் கை எது என்று இரும்புக்குத் தெரியாது அல்லவா?

பட்டறையிலேயே முடிவு

அமெரிக்கா போரில் இறங்கியபோது, பிரவுனிங்கின் ஆயுதங்களுக்கு அரசு 7,50,000 டாலர் தர முன்வந்தது. அவருக்கு முறைப்படி சேர வேண்டிய பங்கைவிட அது மிகவும் குறைவு. போர்க்காலம் என்று பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

1926-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, பெல்ஜியம் தொழிற்சாலையில் புதிய கைத்துப்பாக்கி வேலையாக இருந்தபோது மாரடைப்பால் காலமானார். வயது 71. அவர் பெற்ற காப்புரிமைகள் 128.

விட்டுப்போன வேலையை டியுடோனே செவ் என்ற பெல்ஜியத் தொழில் மேதை முடித்தார். 1935-ல் அந்தத் துப்பாக்கி வெளிவந்தது. அதே அமைப்பில்தான் மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை நம் ராணுவத்துக்குக் கைத்துப்பாக்கி செய்தது.

வெளியே தெரியும் மினுக்கைப் பிரவுனிங் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு கொக்கியும் சோரம் போகக் கூடாது என்று உழைத்தார். கொத்து அடிக்கும் கொல்லருக்கும், கோட்டை கட்டும் சிற்பிக்கும் அதுதானே தொழில் தர்மம்!