சிங்கப்பூர் கண்ட நாராயண பிள்ளை

கோழி மேய்ப்பினும் கோறணமேந்தில் மேய்த்தல் வேண்டும் என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அரசாங்க உத்தியோகமும் அதன் முடிவில் வரும் ஓய்வூதியமுமே வாழ்வின் இரு கரைகள் என்று எண்ணி வளர்ந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறியதும் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்ப்பதற்கே. மலாயாப் பென்சனால் எழுந்த கல்வீடுகளை நம் மூத்த பழைய மாணவர் நன்கறிவர். அவர்களுக்கு வெகுகாலத்துக்கு முன்னரே, நிலைபெற்ற ஊரை விட்டு நீங்கி, உத்தியோகத்தை நம்பியிராது, கட்டடத் தொழிலால் உயர்ந்த தமிழர் ஒருவர் அப்பகுதியில் வாழ்ந்தார். அவரே நாராயண பிள்ளை.

2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின் வன்னியில் வீடுகளும் கடைகளும் மீள எழுந்தன. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காணி விற்பதும் வீடு கட்டிக் கொடுப்பதும் படித்த இளைஞரையும் ஈர்க்கும் தொழில்களாகிவிட்டன. கைநிறைந்த உத்தியோகத்தை விட்டு இத்தொழிலில் இறங்கலாமோ என்று தயங்குவோர் நம்மிடையேயும் உளர். ஆதலின் அன்னாரின் சரிதத்தை இவ்விழா மலரிலே கூறுதல் பொருத்தமென எண்ணுகின்றோம்.

பினாங்கு 1786ஆம் ஆண்டு தொட்டு ஆங்கிலேயரின் துறைமுகமாய் விளங்கியது. நாராயண பிள்ளை அங்கே வாழ்ந்தவர். 1819ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேர் ஸ்ராம்போட் இராபிள்ஸ் சிங்கப்பூரிலே வணிகத்தளம் ஒன்றை நிறுவினார். அவ்வாண்டு மே மாதத்தில் அவர் இரண்டாம் முறை அங்குச் சென்றபோது, இந்தியானா என்னும் கப்பலில் நாராயண பிள்ளையும் உடன் சென்றார். அந்நாளில் சிங்கப்பூர் நகரமன்று. ஆற்றுமுகத்திலே ஒரு சிற்றூர், அதன் பின்னே காடு. அத்தகைய இடத்திற்குப் பினாங்கை விட்டுப் போதல் எளிய துணிவன்று.

தொடக்கத்தில் அவருக்கு உரியதாயிருந்தது திறைசேரிப் பணியே. பல நாட்டு நாணயங்கள் புழங்கிய துறைமுகத்தில் நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்தறிவது அப்பணியின் கூறாகும். அவ்வுத்தியோகம் அவருக்கு நிலைத்திலது. வேறொருவராயின் அடுத்த கப்பலிலே பினாங்குக்கு மீண்டிருப்பர். பிள்ளையோ தம்மைச் சூழ நோக்கினார். நாள்தோறும் மக்கள் வந்திறங்கினர். அவர்கள் தங்கியவையோ ஓலை வேய்ந்த குடிசைகள். வீடு வேண்டுவோர் பலர், கட்டுவோர் அரியர். உடனே பினாங்குக்குச் செய்தி விடுத்துக் கொத்தரையும் தச்சரையும் வருவித்தார். தஞ்சோங் பாகர்ப் பகுதியிலே செங்கற்சூளை அமைத்தார். சிங்கப்பூரின் முதற் கட்டட ஒப்பந்தகாரர் என்று வரலாறு அவரைக் குறிக்கின்றது. வெறும் மண்ணை விலை கூறாது, அம்மண்ணையே கல்லாக்கி வீடாக்கும் தொழிலை அவர் மேற்கொண்டமையை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

சூளையில் ஈட்டிய செல்வம் அவரைத் துணி வணிகத்துக்கு இட்டுச் சென்றது. குறொஸ் வீதியிலே பெரிய கடையொன்றைத் திறந்து, ஆங்கில வணிகரிடம் கடனுக்குச் சரக்கெடுத்து விற்றார். 1822ஆம் ஆண்டில் அக்கடை தீக்கிரையாயிற்று. சரக்கு சாம்பலாயிற்று, கடன் மட்டும் எஞ்சிற்று. தூரதேசங்கள் பல சூழ இருந்த துறைமுகம் அது. கடன்பட்டவர் கப்பலேறி மறைதல் அரிதன்று. அவர் ஓடிலர். கடன் கொடுத்தோரை நேரிற் கண்டு தவணை வேண்டினார், அவர்களும் இசைந்தனர். மீண்டும் சிங்கப்பூர் வந்திருந்த இராபிள்சிடம் தம் நிலையை எடுத்துரைத்தார். பிற்காலத்தில் இராபிள்ஸ் பிளேஸ் எனப் பெயர்பெற்ற வணிகச் சதுக்கத்திலே அவருக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து வணிகத்தை மீள வளர்த்து இழந்த நிலையை எய்தினார்.

பிறர் கொணரும் நாணயத்தைச் சோதிக்கும் உத்தியோகம் அவருக்கு வாய்த்திலது. மூன்றாண்டு கழித்து அவருடைய நாணயமே சோதனைக்கு உள்ளாயிற்று; சூளையிலிட்ட கல்லைப் போல அது உறுதிப்பட்டு வெளிவந்தது.

காணியின் இயல்பை அவர் அறிந்தவாறும் கூறத்தக்கது. மாரியம்மன் ஆலயத்துக்கென முதலில் தெலுக் ஆயர் வீதியில் இடம் ஒதுக்கப்பட்டது. ஆங்கே பூசைக்கு வேண்டிய நன்னீர் இல்லாமையால் அது கைவிடப்பட்டது. 1821இல் குறிக்கப்பெற்ற வேறோர் இடம் நகரமைப்புத் திட்டத்துக்கு ஒவ்வாததாயிற்று. ஈற்றில் 1823ஆம் ஆண்டில் சௌத் பிறிட்ஜ் வீதியிலே நிலம் கிடைத்தது. 1827இல் மரத்தாலும் ஓலையாலும் ஆலயம் எழுந்தது. சின்ன அம்மன் எழுந்தருளினாள். பின்னர்ச் செங்கல்லால் வளர்ந்த அவ்வாலயம் 1973ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நீரின்றி நிலத்துக்கு மதிப்பில்லை என்பதை இரணைமடுவையும் முத்தையன்கட்டையும் வவுனிக்குளத்தையும் நம்பி வாழும் நமக்கு எவரும் கூறவேண்டுவதில்லை.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியருக்குத் தலைவராகவும் அவர்தம் பிணக்குகளைத் தீர்ப்பவராகவும் அவர் விளங்கினார். சிங்கப்பூரின் இருநூறாவது ஆண்டாகிய 2019இல் ஆற்றங்கரையிலே அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

இச்சரிதத்தால் நாம் பெறுவது உத்தியோகத்தை உதறிவிட வேண்டும் என்னும் முடிபன்று. காணித் தொழிலில் இறங்குவோன் பிறருடைய வாழ்நாட் சேமிப்பைக் கையில் ஏந்துகின்றான் என்பதே. வன்னியிலே பெரும்பகுதி நிலம் அரச நிலம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர், உரிய அதிகாரியின் இசைவின்றி அக்காணியைக் கைமாற்ற இயலாது. இடப்பெயர்வுகளிலே உறுதிகளை இழந்த குடும்பங்களும் பல. இவற்றை மறைத்து ஒரு துண்டு காணியை விற்பவன், வாங்குபவனின் வீட்டை அடித்தளம் இடுமுன்னரே இடித்துவிடுகின்றான். உள்ளதை உள்ளவாறு கூறி விற்பவனோ ஊரைக் கட்டுகின்றான்.

நம் மாணவருள் இத்தொழிலை நாடுவோர், தம் ஊருக்கு வேண்டுவது யாதென நோக்கும் கண்ணையும் கடனுக்கு அஞ்சி ஓடாத நெஞ்சையும் முதலாகக் கொண்டு புறப்படுவாராக. அவர் எழுப்பும் வீடுகள் வன்னி மண்ணிலே நெடுங்காலம் நிலைபெறும்.