விளக்குக்குப் பின்னால் இருந்தவர்

மே 12 உலகச் செவிலியர் தினம். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, தேனி, கம்பம் தனியார் மருத்துவமனைகளிலோ நைட் டூட்டி முடித்து, நாம் பால் பாக்கெட் எடுக்கும் நேரத்தில் வீடு திரும்பும் செவிலியர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இது புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள். கையில் விளக்கோடு பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் எதிர்த்துப் பேசவே தெரியாத சாந்தமான பெண்ணாகத் தெரிவார். வாழ்க்கையைப் படித்தால் வேறொருவர் தெரிகிறார்.

1820-ல் வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். செவிலியராக வேண்டும் என்றதும் வீட்டில் பெரும் எதிர்ப்பு. நல்ல குடும்பத்துப் பெண் செய்யும் வேலை இல்லை என்பது அன்றைய எண்ணம். வந்த வரனையும் மறுத்துவிட்டு, பல ஆண்டுகள் பிடிவாதமாகக் காத்திருந்தார். 1851-ல், 31 வயதில், ஜெர்மனியில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார்.

1854-ல் கிரிமியப் போர். 38 பெண்களோடு இன்றைய இஸ்தான்புல் நகரில் உள்ள ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். பெண்கள் வந்ததை ராணுவ டாக்டர்கள் விரும்பவில்லை. அவர் சண்டை போடவில்லை, அழுதுகொண்டு திரும்பவும் இல்லை. டாக்டர் சொல்லாமல் யாரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று தன் குழுவுக்கே கட்டளை போட்டுவிட்டுக் காத்திருந்தார். காயமடைந்தவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததும் டாக்டர்களே கூப்பிட்டார்கள். அதன்பின் சட்டை, பாத்திரம், சாப்பாடு என்று எது இல்லையென்றாலும் மேலிடத்துக்கு விடாமல் எழுதிக் கேட்டார்.

ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட 100 பேரில் ஏறத்தாழ 42 பேர் இறந்தார்கள். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை தேங்கிக் கிடந்தது. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு அதைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கும் வழி செய்தது. சாவு மளமளவென்று குறைந்தது. நாடு திரும்பியபின் நைட்டிங்கேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். காயத்தைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்த வீரர்களே அதிகம். தான் வேலை பார்த்த மருத்துவமனையாயிற்றே என்று அதை மூடி மறைக்கவில்லை. படம் வரைந்து அரசின் முன் வைத்தார். தன்னம்பிக்கை உள்ளவரால்தான் அப்படிச் செய்ய முடியும்.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. செவிலியர்களுக்குத் தலைமை பயிற்சி பெற்ற ஒரு செவிலியரிடமே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மரியாதையை யாரும் தானமாகத் தரவேண்டியதில்லை, பயிற்சியும் பொறுப்பும் அதைத் தரும் என்பது அவர் கண்ட வழி.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜனவரியில் பென்னிகுக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் தவித்தபோது, இந்தியாவைப் பார்த்தேயிராத நைட்டிங்கேல், விவசாயிக்குப் பாசன வசதி வேண்டும் என்று லண்டனில் வாதாடிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு எந்தப் பதவியும் இல்லை. உடல்நலம் கெட்டுப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தவர்.

1910-ல், 90 வயதில் காலமானார். அவர் விருப்பப்படி கல்லறையில் முழுப்பெயர்கூட இல்லை, முதலெழுத்துகளும் தேதிகளும் மட்டுமே.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? செவிலியரைத் தேவதை, தியாகி என்று புகழ்கிறோம். அதே வாயால் டிரிப்ஸ் மாற்ற ஐந்து நிமிடம் தாமதமானால் வார்டே அதிரக் கத்துகிறோம். தேவதை பதில் பேசமாட்டார் என்ற தைரியம்! ஆனால் நள்ளிரவில் உங்கள் அப்பாவின் மூச்சில் வித்தியாசத்தை முதலில் கவனிப்பவர் அவர்தான். டியூட்டி டாக்டரை எழுப்பவும், மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால் கேட்கவும் அவருக்குத் துணிச்சல் வேண்டும். நாளெல்லாம் திட்டு வாங்குகிறவருக்கு அந்த நேரத்தில் வாய் எழுமா? அவர் தயங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

அதனால் அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனால் கைசொடுக்கிக் கூப்பிடாதீர்கள். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சிஸ்டர் சொன்னால் கோபப்படாமல் வெளியே வாருங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ நர்சிங் படிக்க ஆசைப்பட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

நம் வளாகத்திலும் ஒரு சின்ன வேண்டுகோள். பகலில் சுவரில் டிரில் போடும் வேலை இருந்தால், பக்கத்து வீட்டில் நைட் டூட்டி முடித்துத் தூங்குகிறவர் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.