அரவம் ஆய்ந்த அறிஞர்

படையையும் நடுங்கச் செய்யும் பாம்பினத்தை அஞ்சாது ஆராய்ந்து, மக்கள் உயிர்காக்க வழி தேடிய பெரியார் பாட்ரிக் ரசல் ஆவார். இவர் ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரிற் பிறந்து, மருத்துவம் பயின்றார். 1750 ஆம் ஆண்டு சிரியா நாட்டு அலெப்போ நகருக்குச் சென்று, அங்கே மருத்துவராயிருந்த தமையனாருடன் பணிபுரிந்தார். பின்னர் அவர் வகித்த பதவியையும் ஏற்றார். 1760 முதல் 1762 வரை அந்நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோதும் ரசல் அவ்விடம் விட்டு நீங்காது, நோயின் இயல்பை ஆராய்ந்து குறித்து வந்தார்.

1781 இல் அவர் விசாகப்பட்டினம் வந்தடைந்தார். 1785 இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைக் கருநாடகப் பகுதியின் இயற்கையியல் அறிஞராக அமர்த்தினர். நஞ்சுடைய பாம்பு எது, நஞ்சிலாப் பாம்பு எது எனப் பிரித்தறிவது அந்நாளில் அரிதாயிருந்தது. நஞ்சிலாப் பாம்பு தீண்டியவர் பிழைத்தெழின், உண்ட மருந்தே காத்தது என மக்கள் நம்புதல் இயல்பன்றோ? ரசல் பாம்புகளைத் திரட்டி, அவற்றின் பற்களையும் செதில்களையும் நுணுகி ஆராய்ந்தார். நாய்களையும் கோழிகளையும் கொண்டு நஞ்சின் ஆற்றலைச் சோதித்தார். அக்காலத்தே புகழ்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் சோதித்து, அதன் பயன் ஐயத்திற்குரியது எனக் கண்டார். 1789 இல் தாயகம் திரும்பி, 1796 இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி ஓவியங்களுடன் கூடிய நூலை வெளியிட்டார். 1805 இல் அவர் மறைந்தார். கண்ணாடி விரியன் இன்றும் அறிவியலுலகில் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அவ்விரியனின் நஞ்சு குருதியைத் தாக்குவது. காயம் பட்டவுடன் குருதியிலுள்ள புரதங்கள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. அவற்றுள் பத்தாம் காரணி எனப்படும் புரதத்தின் செயலால் திராம்பின் தோன்றுகிறது. திராம்பின், குருதியிற் கரைந்துள்ள ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் என்னும் நுண்ணிழைகளாக்குகிறது. அவ்விழைகள் வலைபோற் பின்னிக் குருதியை உறையச் செய்கின்றன. விரியன் நஞ்சோ பத்தாம் காரணியைக் காலமல்லாக் காலத்தில் தூண்டிவிடுகிறது. மடை உடைந்து ஏரி நீர் வீணே வடிந்தபின் பயிருக்கு நீரில்லாது போவதுபோல, உறைதற்குரிய புரதங்கள் செலவாகிவிடக் குருதி உறையாமல் ஒழுகுகின்றது.

எனினும், 1934 இல் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் மக்ஃபார்லேன் முதலியோர், மிகவும் நீர்க்கச் செய்த இந்நஞ்சைக் காயத்தின் மேலிட்டு, குருதி உறையாப் பிறவிநோயுடையார்க்குக் குருதிப் பெருக்கை நிறுத்தினர். நஞ்சும் அறிவுடையார் கையில் மருந்தாயிற்று!

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் பருத்தி, மக்காச்சோளக் கொல்லைகளில் உழைப்போர் இவ்விரியனிடம் விழிப்பாயிருத்தல் வேண்டும். தீண்டப்பட்டவர் கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும் விரைந்து மருத்துவமனை சேர்தலே நலம். ஆங்கு மருத்துவர் சிறிது குருதியைத் தூய கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாது வைத்துப் பார்ப்பர். உறையாவிடின் நஞ்சேறியமை உணர்ந்து நஞ்சுமுறி மருந்து செலுத்துவர். கேட்டதை அப்படியே நம்பாது, சோதித்துத் தெளிந்த ரசலின் நெறி நம் அனைவர்க்கும் உரியதாகும்.