துணிக்கடைச் சிறுவன் போட்ட மதியச் சோறு: காமராஜரும் தீப்பெட்டி ஊர்களும்

பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது இன்னைக்கு நமக்குச் சாதாரண விஷயம். சட்ட மொழியில் அதற்குப் பெரிய பெயர் உண்டு: பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை. இந்த உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது 1966-ல். இந்தியா அதில் சேர்ந்தது 1979-ல். அதற்கு நாலு வருஷம் முன்னாடியே காமராஜர் இறந்துவிட்டார்.

1903 ஜூலை 15-ல் விருதுபட்டியில் பிறந்தவர். அதுதான் இன்றைய விருதுநகர். ஆறு வயதில் அப்பா குமாரசாமி போய்ச் சேர்ந்தார். அம்மா சிவகாமியால் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியும்? பன்னிரண்டு வயதுவாக்கில் படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். குடும்பத்தில் சம்பாதிக்கும் ஆள் போனால் பையனின் படிப்பும் போகும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அதன்பிறகு காங்கிரஸ், சிறை, மறுபடி சிறை. 1954 ஏப்ரலில் சென்னை மாகாண முதல்வர் ஆனார். அப்போது அரசியல் சட்டத்துக்கு நாலு வயது. 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்து ஆண்டுக்குள் தர அரசு முயல வேண்டும் என்று அதன் 45-வது பிரிவு சொன்னது. ஆனால் அது வழிகாட்டு நெறிதான். கொடுக்கலைன்னா கோர்ட்டுக்குப் போக முடியாது. பத்து ஆண்டுக் கெடு முடிந்தும் நாடு அந்த இலக்கைத் தொடவில்லை.

காமராஜர் அந்த வரியைக் கணக்காக மாற்றினார். ராஜாஜி 1953-ல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை முதலில் கைவிட்டார். பிறகு பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். பெஞ்சு, கடிகாரம், கட்டடம் என்று முடிந்ததை ஊர்க்காரர்களே கொடுத்தார்கள்.

பள்ளி திறந்தாச்சு, பிள்ளை வரணுமே? 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. சென்னை மாநகராட்சி 1920-களிலேயே இதைச் சின்ன அளவில் செய்து பார்த்து, செலவு தாங்காமல் நிறுத்தியிருந்தது. இந்த முறை முதலில் ஊர் நன்கொடையில் ஓடியது; பின்னாடி அரசு நிதியும் சேர்ந்தது. நன்கொடையில் நடப்பது தருமம், பட்ஜெட்டில் ஏறினால்தான் உரிமை. அந்தத் தாண்டலைத்தான் அவருடைய பெரிய சாதனையாகச் சொல்லணும். அணைகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. 1957, 1962 இரண்டு தேர்தலிலும் அவர் நின்று ஜெயித்த தொகுதி சாத்தூர். சிவகாசிக்குப் பக்கத்து ஊர். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் அந்த வறண்ட கரிசல் பூமிக்குச் சோறு போட்டது நிஜம். தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியும் முன்னே கிராமத்துக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதும் நிஜம். காமராஜர் போய்ப் பல ஆண்டு கழித்தும் அது ஓடியது.

ஏன்? மதியச் சோறு பிள்ளையின் பசியைத் தீர்த்தது. பிள்ளை கொண்டுவரும் கூலிக்கு ஈடு எதையும் அது தரவில்லை. துணிக்கடையில் உட்கார்ந்த சிறுவனின் வீட்டுப் பிரச்சினை அப்படியே மிச்சமிருந்தது. பெரியவங்களுக்குச் சரியான கூலி கிடைக்காத ஊரில் பள்ளிக்கூடம் மட்டும் போதாது. அவருடைய ஆட்சியின் குறை என்று இதைச் சொல்லலாம். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அவரைவிட அதிக காலம் கிடைத்தது.

1967-ல் சொந்த ஊர் விருதுநகரிலேயே, மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்கில் தோற்றார். 1975 அக்டோபர் 2-ல் மறைந்தார்.

சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பு சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பதிலாக வீட்டில் ஒரு பெரியவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தப் பணத்தின் வட்டி, பிள்ளை படிக்கிற வரைக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.